பழைய ஐபி முகவரித் தொல்லை: சிறு அலுவலகத்துக்கு எந்த வழி ஏற்றது?

"சாரே, நேத்து சரியாக்கின பிரிண்டர் இன்னைக்குப் பின்னயும் ஆஃப்லைன் காட்டுது. ஒரு பையன் வந்து ஸ்டேட்டிக் ஐபி போடணும்னான். இன்னொருத்தர் அது வேண்டாம், ரூட்டர்ல பதிஞ்சு வச்சாப் போதும்ங்கிறார். நாங்க எதைச் செய்ய?"

மார்த்தாண்டத்தில் ஒரு முந்திரி வியாபார அலுவலகத்திலிருந்து வந்த கேள்வி இது. தக்கலையில் ஆவண எழுத்தரும், கருங்கலில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவரும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, ஒரு கேமரா பெட்டி என்று இருக்கும் அலுவலகத்துக்குத் தனியாக நெட்வொர்க் ஆள் வைக்க முடியாது. ஆகவே ஒருமுறை முடிவெடுத்தால் அது நிற்க வேண்டும். அப்படி முடிவெடுக்க உதவியாகத்தான் இதை எழுதுகிறேன்.

## முகவரி ஏன் பழசாகிறது

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருபவர்கள் லாட்ஜில் அறை எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருப்பவர் காலியாக உள்ள ஓர் அறையின் சாவியைக் கொடுத்து, பதிவேட்டில் பெயரை எழுதி, 24 மணி நேரம் என்று கணக்கு வைப்பார். உங்கள் ரூட்டரில் இருக்கும் டிஎச்சிபி என்ற ஏற்பாடும் இந்த வேலையைத்தான் செய்கிறது: ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண்ணைக் கொடுக்கிறது. அந்தக் கால அளவுக்கு லீஸ் என்று பெயர். பாதி நேரம் கழிந்ததும் கருவி ரூட்டரிடம் "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா" என்று கேட்கும். பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு நேரம் கழிந்த பிறகு, நெட்வொர்க்கில் யார் இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கூவும்.

மின்சாரம் போகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. விலை குறைந்த பல ரூட்டர்கள் இந்தப் பதிவேட்டைத் தற்காலிக நினைவில் மட்டுமே வைத்திருக்கின்றன. கரண்டு போனால் பதிவேடு வெறுமை. யூபிஎஸ்சில் ஓடிய கம்ப்யூட்டர்கள் பழைய அறையிலேயே உட்கார்ந்திருக்கும். நேரடிக் கரண்டில் இருந்த பிரிண்டர் புதிதாகச் சாவி கேட்கும். வரவேற்பறையில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று எழுதியே இருக்காது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவே சித்திரை மாதத்து இடியும் உண்டு. இந்தக் கூத்து வருஷம் முழுக்க நடக்கும்.

## எது பழசு என்று முதலில் பாருங்கள்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். எல்லா "கனெக்ட் ஆகலை"யும் பழைய முகவரிக் கோளாறு ஆகாது.

வடசேரியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம். மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போட வேண்டிய நாள். காலையில் பத்து நிமிடம் கரண்டு போய் வந்திருக்கிறது. நான் போனபோது பிரிண்டர் வரிசையில் பதினொரு கோப்புகள் நகராமல் நின்றன. பிரிண்டர் பட்டியலில் ஒரே பிரிண்டர் நான்கு முறை இருந்தது: அசல் ஒன்று, காப்பி 1, காப்பி 2, காப்பி 3. ஒவ்வொரு தடவை நின்றபோதும் யாரோ டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள்.

பிரிண்டரின் சிறு திரையில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தேன். 192.168.1.7 என்றிருந்தது. கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்டீஸ் போய், பிரிண்டரை எந்த முகவரியில் தேடுகிறது என்று காட்டும் போர்ட்ஸ் என்ற பக்கத்தைப் பார்த்தேன். 192.168.1.4. இரண்டும் வேறு. அவ்வளவுதான் விஷயம். டிரைவரில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் 4-ல் (இனிமேல் கடைசி எண்ணை மட்டும் சொல்கிறேன்) இப்போது யார்? கட்டளை அடிக்கும் கறுப்புச் சாளரத்தை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து அந்த எண்ணுக்கு ஒரு பிங், அதாவது "இருக்கிறாயா" என்ற சிறு செய்தி, அனுப்பிவிட்டு, எந்த எண்ணில் எந்தக் கருவி என்று காட்டும் ஆர்ப் கட்டளையைச் சிறுகோடும் ஏ எழுத்தும் சேர்த்து அடித்தேன். 4-க்கு நேரே ஒரு மேக் அட்ரஸ், அதாவது கருவியின் அடையாள எண், வந்தது. அதன் முதல் ஜோடியில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த முகவரி கிடையாது, தானாக உருவாக்கியது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் வை-ஃபைக்கு இப்படித்தான் பொய் முகவரி காட்டுகின்றன. அங்கே இருந்தது ஈ. ஊழியர் ஒருவரின் போன் அது. பிரிண்டர் சூடாகி எழுவதற்குள் போன் முந்திக்கொண்டு அந்த அறையை வாங்கிவிட்டது.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். முகவரிகள் பொருந்தாவிட்டால் கீழே சொல்லும் வழிகள் உங்களுக்கானவை. வேறு இரண்டு நிலைமைகளுக்கு இவை உதவாது.

கம்ப்யூட்டரின் கறுப்புச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் அடித்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறதா? அப்படியென்றால் அது ரூட்டரின் குரலையே கேட்கவில்லை, தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளைப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடல் காற்றில் கேபிள் முனையின் செப்புத் தகடுகள் பச்சை பூத்திருப்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று இரண்டு ரூட்டர் விவகாரம். உள் அறைக்கு சிக்னல் வரவில்லை என்று கடையில் ஒரு ரூட்டர் வாங்கி, பழைய பெட்டியோடு கேபிளில் இணைத்திருப்பார்கள். லேன் துளையிலிருந்து (உள் கருவிகளுக்கான துளை) லேன் துளைக்குச் செருகியிருந்தால் இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுக்கும். ஒரே லாட்ஜில் இரண்டு வரவேற்பாளர்கள், தனித்தனிப் பதிவேடுகள். புதுப் பெட்டியில் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியையும் பழைய பெட்டியோடு மோதாமல் மாற்றிவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கீழே உள்ள எதைச் செய்தும் பலன் இல்லை.

## எதை வைத்து அளப்பது

பணத்தை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. நான்கு வழிகளுக்குமே புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. நான் பார்ப்பது இவற்றைத்தான்:

- கரண்டு போய் வந்தால் தாங்குமா?
- இணையக் கம்பெனிக்காரர் ரூட்டர் பெட்டியை மாற்றிவிட்டுப் போனால் தாங்குமா?
- செய்து கொடுத்த பையன் வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், அடுத்து வருபவருக்கு என்ன செய்திருக்கிறது என்று புரியுமா?
- அந்தக் கருவி இடம் மாறுமா, வீட்டுக்குப் போய் வருமா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

## வழி 1: நின்றபோது நின்றபோது அணைத்துப் போடுவது

இன்றைக்குப் பெரும்பாலோர் செய்வது இது. செய்வதானால் வரிசை முக்கியம். முதலில் ரூட்டர். இரண்டு நிமிடம் கழித்துப் பிரிண்டர். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர்கள். கம்ப்யூட்டரை அணைக்க மனமில்லையென்றால் ஐபிகான்ஃபிக் கட்டளையை ரிலீஸ், ரினியூ என்று இருமுறை ஓட்டினால் பழைய சாவியைத் திருப்பிக் கொடுத்துப் புதுச் சாவி வாங்கும். இணையதளம் மட்டும் பழைய இடத்துக்கே போகிறது என்றால் அதே கட்டளையை ஃபிளஷ் டிஎன்எஸ் என்று ஓட்டினால் தளங்களின் பழைய முகவரிக் குறிப்பு அழியும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: ரூட்டரை அணைக்கும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டை நாமே அழிக்கிறோம். இன்றைக்குப் பிரிண்டர் சரியானால் நாளைக்குக் கைரேகைக் கருவி நிற்கும். கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பிரிண்டர் போர்ட்டும் இதனால் மாறாது. பழைய எண் அதிர்ஷ்டவசமாகத் திரும்பக் கிடைத்தால்தான் பிரிண்ட் வரும்.

ஒரு கம்ப்யூட்டர், அதில் யூஎஸ்பி கேபிளில் பிரிண்டர், மற்றதெல்லாம் போன்கள் என்றிருக்கும் சின்னக் கடைக்கு இது போதும். அதைத் தாண்டினால் போதாது.

## வழி 2: கருவியிலேயே நிலையான முகவரி

ஸ்டேட்டிக் ஐபி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிரிண்டரின் திரையில் போய் முகவரி, 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க் (உள் நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் எண்), ரூட்டரின் முகவரி மூன்றையும் கையால் அடிப்பது. லாட்ஜில் ஓர் அறையை விலைக்கே வாங்கிவிடுவதைப் போல. கரண்டு எத்தனை முறை போனாலும் அசையாது. ரூட்டர் அணைந்தே கிடந்தாலும், இடையில் நெட்வொர்க் கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி ஓடி, கேபிளில் உள்ள கம்ப்யூட்டர்களும் அப்படியே நிலையான முகவரியில் இருந்தால், பிரிண்ட் வரும்.

சில கருவிகள் பிறக்கும்போதே இப்படித்தான். நம் அலுவலகங்களில் மாட்டியிருக்கும் கைரேகைக் கருவிகளில் பல 192.168.1.201 என்ற முகவரியோடு வருகின்றன.

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அறையை வாங்கியது உங்களுக்குத் தெரியும், வரவேற்பாளருக்குத் தெரியாது. ரூட்டர் 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் வாடகைக்கு விடுவதாக இருந்தால், நீங்கள் பிரிண்டருக்குக் கொடுத்த எண்ணை என்றைக்காவது ஒரு லேப்டாப்புக்கும் கொடுத்துவிடும். அப்போது விண்டோஸ் முகவரி மோதல் என்று எச்சரிக்கும். இல்லாவிட்டால் இன்னும் மோசம்: ஒரு பிரிண்ட் வரும், அடுத்தது வராது, யாருக்கும் காரணம் புரியாது. ஆகவே ஸ்டேட்டிக் போடுவதற்கு முன்பே ரூட்டரில் டிஎச்சிபி வரம்பைச் சுருக்க வேண்டும். நான் 100 முதல் 200 வரை வாடகைக்கு விட்டு, 100-க்குக் கீழே உள்ளதைக் கையால் கொடுக்க வைத்துக்கொள்வேன். கைரேகைக் கருவியின் 201-ம் அப்படியே வெளியே நிற்கும்.

அடுத்த செலவு பெட்டி மாறும் நாளில் வரும். பழைய பெட்டி 192.168.1.1. இடி இறங்கி அது போய்விட்டது, புதிதாக வந்தது 192.168.29.1 அல்லது 192.168.100.1. இப்போது நிலையான முகவரி உள்ள அத்தனையும் வேறு தெருவில் நிற்கின்றன. இதற்குக் கருவி கருவியாகப் போய் மாற்றத் தேவையில்லை. புதுப் பெட்டியின் உள்முகவரியைப் பழைய 192.168.1.1 ஆக்கி, டிஎச்சிபி வரம்பையும் பழையபடி வைத்தால் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இதைத் தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் பிரிண்டர்களோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

லேப்டாப்புக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரணியலில் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோனதும் அங்கே இணையம் வராது. வீட்டில் இருக்கும் மகன் அதைத் தானாக முகவரி வாங்கும் தானியங்கிக்கு மாற்றிவிடுவான், காலையில் அலுவலகத்தில் அதன் பழைய எண்ணைத் தேடுவதெல்லாம் நிற்கும்.

## வழி 3: ரூட்டரில் முன்பதிவு

அட்ரஸ் ரிசர்வேஷன் என்றோ, ஸ்டேட்டிக் டிஎச்சிபி என்றோ, மேக் பைண்டிங் என்றோ ரூட்டர் பக்கத்தில் எழுதியிருக்கும். கருவியைத் தானியங்கியிலேயே விட்டுவிட்டு, "இந்த மேக் அட்ரஸ் வந்தால் இந்த எண்ணையே கொடு" என்று ரூட்டரில் எழுதி வைப்பது. இது வாடகைப் பதிவேட்டைப் போலத் தற்காலிக நினைவில் இருப்பதில்லை, செட்டிங்கோடு சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. கரண்டு போனாலும் அழியாது.

எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் ஒன்றே. முகவரியை முடிவு செய்யும் இடம் ஒன்றாகிறது. புதிதாக வருகிறவர் ரூட்டர் பக்கத்தைத் திறந்தால் பிரிண்டர் 50, டேலி (கணக்கு மென்பொருள்) கம்ப்யூட்டர் 51, கேமரா பெட்டி 52 என்று ஒரே பட்டியலில் பார்த்துவிடலாம். லேப்டாப்பும் இங்கே தொல்லை தராது, வீட்டுக்குப் போனால் வீட்டு ரூட்டர் சொன்னபடி கேட்கும்.

பலவீனம் எங்கே? ரூட்டரின் ரீசெட் துளையில் யாராவது ஊசியை விட்டால் பட்டியல் மொத்தமும் போய்விடும். பெட்டி மாறினாலும் அப்படித்தான், எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். இணையக் கம்பெனி கொடுத்த பெட்டியாக இருந்தால் உள்ளே நுழையும் பாஸ்வேர்ட் பல இடங்களில் நம் கையிலேயே இருப்பதில்லை. மேக் அட்ரஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். கேபிளுக்கு ஒன்று, வை-ஃபைக்கு ஒன்று என்று ஒரே பிரிண்டருக்கு இரண்டு இருக்கும். கேபிளில் உள்ளதைப் பதிந்துவிட்டு, பின்னால் வை-ஃபைக்கு மாற்றினால் முன்பதிவு பயன்படாது. போன்களுக்குச் செய்வதென்றால் முதலில் அதில் பொய் முகவரி காட்டுவதை அலுவலக வை-ஃபைக்கு மட்டும் அணைக்க வேண்டும்.

இன்னொரு சிறு நுணுக்கம்: முன்பதிவு எண் டிஎச்சிபி வரம்புக்குள் இருந்தால்தான் சில ரூட்டர்கள் ஏற்கும், சில வெளியே இருப்பதையும் ஏற்கும். பிழை காட்டினால் எண்ணை மாற்றிப் பாருங்கள்.

## வழி 4: எண்ணை விட்டுப் பெயரைச் சொல்லி அழைப்பது

முகவரி எப்படி மாறினால் என்ன, பெயரைச் சொன்னால் ஆள் வந்தால் போதும் அல்லவா? கம்ப்யூட்டர்களுக்கு இடையே இது நன்றாகவே வேலை செய்யும். டேலி பலபேர் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் அலுவலகங்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். லைசென்ஸ் தரும் கம்ப்யூட்டரை மற்றவை 9999 என்ற போர்ட் எண்ணோடு தேடும். அங்கே ஐபி எண்ணை எழுதிவைத்திருந்தால், முகவரி மாறிய அன்றைக்கு மற்ற கம்ப்யூட்டர்களில் டேலி, லைசென்ஸ் இல்லாதபோது ஓடும் எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும். லைசென்ஸ் தீர்ந்துவிட்டதோ என்று பதறி விற்றவருக்குப் போன் அடிப்பார்கள். அந்த இடத்தில் கம்ப்யூட்டரின் பெயரை எழுதினால் இந்தப் பதற்றம் இல்லை. தரவு இருக்கும் ஃபோல்டரின் பாதையிலும் பெயரையே வையுங்கள். பெயரும் சுருக்கமாக, கணக்கு1 என்பதை ஆங்கில எழுத்தில் அடித்ததைப் போல இருக்கட்டும். விண்டோஸ் தானாக வைக்கும் நீளமான பெயரை யாராலும் நினைவில் வைக்க முடியாது.

பிரிண்டரில் நான் இதை நம்புவதில்லை. விண்டோஸ் தானே கண்டுபிடித்துச் சேர்க்கும் பிரிண்டர் பல நேரம் டபிள்யூஎஸ்டி போர்ட்டில் உட்காரும். முகவரி மாறினாலும் தேடிப் பிடிக்கும் என்பதுதான் அதன் நோக்கம். நடைமுறையில் பிரிண்டர் தூங்கி எழுந்ததும் ஆஃப்லைன் என்று அது நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பெயரைக் கூவித் தேடும் இந்த முறைகள் ரூட்டரைத் தாண்டிப் போகாது என்பதும் உண்டு. கம்ப்யூட்டர் ஒரு ரூட்டருக்குப் பின்னால், பிரிண்டர் இன்னொன்றுக்குப் பின்னால் என்றிருந்தால் பெயர் சொன்னாலும் கேட்காது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கரண்டு போய் வந்தால் | பெட்டி மாறினால் | அடுத்த ஆளுக்குப் புரியுமா | எதற்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| அணைத்துப் போடுவது | மறுபடி நிற்கலாம் | பிரிண்டரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் | புரிய ஒன்றுமில்லை | யூஎஸ்பி பிரிண்டர் கடை |
| கருவியில் நிலையான முகவரி | தாங்கும் | பெட்டியின் உள்முகவரியை மாற்றினால் தாங்கும் | எழுதி வைத்தால் மட்டும் | கைரேகைக் கருவி, கேமரா பெட்டி, அசையாத பிரிண்டர் |
| ரூட்டரில் முன்பதிவு | தாங்கும் | மறுபடி எழுத வேண்டும் | நன்றாகப் புரியும் | பிரிண்டர், லேப்டாப், டேலி கம்ப்யூட்டர் |
| பெயர் | தாங்கும் | பெரும்பாலும் தாங்கும் | புரியும் | கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஃபோல்டர், டேலி |

கேமராவை வெளியூரிலிருந்து போனில் பார்ப்பது இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே மாறுவது வெளிமுகவரி, அதை இணையக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. ரூட்டர் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது பலரோடு பகிர்ந்துகொள்ளும் முகவரி, வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. கேமரா கம்பெனியின் கிளவுட் செயலி வழியாகப் பாருங்கள், அல்லது மாதக் கட்டணம் கட்டி நிலையான வெளிமுகவரி வாங்குங்கள்.

## எந்த அலுவலகத்துக்கு எது

ரூட்டர் உங்கள் சொந்தம், பாஸ்வேர்ட் உங்கள் கையில் என்றால் வழி 3-ஐ எடுங்கள். மார்த்தாண்டத்து முந்திரி அலுவலகத்துக்கும் இதையே சொன்னேன். ரூட்டர் கம்பெனியுடையது என்றால், இரண்டாயிரம் ரூபாய்க்குள் சொந்தமாக ஒரு ரூட்டரை வாங்கி, கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால், லேன் துளையில் அல்லாமல் அதன் வேன் (இணையம் வரும்) துளையில் கேபிளைச் செருகி மாட்டி, அலுவலகக் கருவிகள் எல்லாவற்றையும் அதன்கீழ் கொண்டுவந்துவிட்டால், கம்பெனிக்காரர் தன் பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே ஒன்றும் கலையாது. இரண்டு பெட்டிகளின் உள்முகவரி வரம்பும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒன்று 192.168.1 என்றால் மற்றது 192.168.50 என்று இருக்கட்டும். ஒரு கருவிகூடக் கம்பெனிப் பெட்டியின் வை-ஃபையில் தங்கிவிடக் கூடாது. அப்படி ஒன்று தங்கினால் அது தனியாகிவிடும்.

ரூட்டருக்குள் நுழையவே முடியாது, புதிதாக வாங்கவும் இப்போது வசதியில்லை என்றால் வழி 2. வரம்பைச் சுருக்க முடியாது என்பதால் மோதல் ஆபத்து முழுதாகப் போகாது. வரம்பின் கடைசிப் பக்கம், 240-க்கு மேல், எண்களை எடுத்துக்கொண்டால் ஆபத்து குறையும். கருங்கல் பரிசோதனை நிலையத்தில் இப்படித்தான் செய்தோம். அங்கே அறிக்கை அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றுதான் உயிர்நாடி, காத்திருக்க நேரமில்லை.

டேலி உள்ள இடத்தில் எந்த வழி எடுத்தாலும் வழி 4-ஐயும் சேர்த்துச் செய்யுங்கள்.

எதைச் செய்தாலும் கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சேர்க்கும்போது ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் என்பதைத் தேர்ந்து, முடிவு செய்த எண்ணைக் கையால் அடியுங்கள். காப்பி 1, காப்பி 2 எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் யாராவது பழையதையே அழுத்துவார்கள். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கிடைக்கிறது, வாங்குவதற்கு முன் உங்கள் ரூட்டரின் அடாப்டரிலும் 12 வோல்ட் என்றே இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட மின்வெட்டில் பதிவேடு அழியாமலிருக்க அது போதும். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது பல நாள் கரண்டு இல்லாமல் கிடந்ததைப் போன்ற காலத்தில் அந்த யூபிஎஸ் உதவாது, முன்பதிவுதான் உதவும்.

ஒரு தாளில் கருவியின் பெயர், எண், மேக் அட்ரஸ், ரூட்டர் பாஸ்வேர்ட், செய்த தேதி எல்லாம் எழுதி, ரூட்டர் மாட்டியிருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் வருவோர் போவோர் கண்ணில் பாஸ்வேர்ட் படும்.

வேலை முடிந்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். போட்டதும் பிரிண்டர் எழுவதற்கு முன்பே ஊழியர்கள் எல்லோரையும் போனில் வை-ஃபையை இயக்கச் சொல்லுங்கள். பிறகு கடைசி மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பக்கம் அச்சடியுங்கள். அந்தத் தாள் வெளியே வந்த பிறகு, செய்து கொடுத்தவருக்குக் கூலியைக் கொடுங்கள்.